பெயரைச் சொல்லாமல் தேடிய வீடு

கப்பல் நின்றதும் எல்லோரும் எழுந்து மூட்டையைக் கட்டினார்கள். நானும் கட்டினேன். படகில் இறக்கிக் கரைக்குக் கொண்டுபோனார்கள். கரையில் மணல், தென்னை மரங்கள், நீளமான கொட்டகைகள். அவ்வளவுதான். ஒரு கடை இல்லை, ஒரு தெரு இல்லை, ஒரு மாட்டு வண்டிகூட இல்லை. இதுதான் சிங்கப்பூர் என்று நினைத்தேன். தென்னை மரத்தைப் பார்க்கவா நாகப்பட்டினத்திலிருந்து இத்தனை நாள் வாந்தி எடுத்துக்கொண்டு வந்தேன்? எங்கள் கொல்லையிலேயே இதைவிட நல்ல மரங்கள் நிற்கின்றனவே!

பக்கத்தில் நின்ற ஒரு அம்மாளிடம், “சிங்கப்பூர் இவ்வளவுதானா?” என்று கேட்டேன். அவர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

“இது சிங்கப்பூர் இல்லம்மா. கொரண்டித் தீவு. கப்பல்ல யாருக்கோ அம்மை கண்டிருக்கு. மேல்தட்டுல பாய் விரிச்சு வந்த எல்லாரையும் இங்க வச்சுப் பாத்துட்டுத்தான் ஊருக்குள்ள விடுவாங்க. அதோ தெரியுது பாரு, அதான் சிங்கப்பூர்.”

கடலுக்கு அந்தப் பக்கம் புகைமூட்டமாக ஏதோ தெரிந்தது. என் கணவர் அங்கேதான் இருந்தார்.

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. அவர் ஊருக்கு வந்து என்னைக் கட்டிக்கொண்டு, நான்கு மாதம் இருந்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தார். அப்புறம் இரண்டு வருஷம் கடிதத்தில்தான் குடும்பம் நடத்தினோம். என்னை அழைத்துக்கொள்ள ஏற்பாடு செய்தபோது அண்ணன் துணைக்கு வருவதாக இருந்தது. கப்பலேறும் வாரத்தில் அவனுக்கு விஷக்காய்ச்சல். அடுத்த கப்பலுக்குக் காத்திருக்கலாமே என்று அம்மா சொன்னாள். அப்பா கேட்கவில்லை. எனக்குப் பின்னால் இன்னும் இரண்டு பெண்கள் கல்யாணத்துக்கு நின்றார்கள். துறைமுகத்தில் வைத்து அப்பா என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: “போனது போனதுதான். அங்க அது சரியில்ல, இது சரியில்லன்னு திரும்பி வந்து நிக்காதே.” பக்கத்து ஊர்ச் சந்தைக்குக்கூடத் தனியாகப் போகாத பெண்ணுக்கு இது வழியனுப்பு வார்த்தை! எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. ஆனால் விஷயம் புரிந்துவிட்டது. அக்கரையில் அவர் இருந்தால் எனக்கு ஒரு வீடு உண்டு. இல்லையென்றால் எந்தக் கரையிலும் கிடையாது.

அந்தத் தீவில் எங்கள் துணிமணிகளை எல்லாம் வாங்கி நீராவியில் போட்டு எடுத்தார்கள். கிருமி போகவேண்டுமாம். என் கணவரின் முகவரி எழுதிய காகிதத்தைப் பெட்டியில் வைத்தால் தொலைந்துவிடும் என்று முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன். என் புத்திசாலித்தனத்தை எதில் கொண்டுபோய் வைக்க! சேலை திரும்பி வந்தபோது முடிச்சு அப்படியே இருந்தது. அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே கூழ்.

போகட்டும், அவர்தான் துறைமுகத்துக்கு வந்துவிடுவாரே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். எங்களை விடப்போகும் நாளை அவருக்கு முன்பே சொல்லி இருந்தார்கள். கடைசியில் ஒரு நாள் முன்னதாகவே விட்டுவிட்டார்கள். இது எனக்குத் தெரியாது.

துறைமுகத்தில் இறங்கியதும் கால் தரையில் நிற்கவில்லை, தீவிலிருந்து வந்த படகு இன்னும் காலுக்குள்ளேயே ஆடியது. இத்தனை நிறத்தில், இத்தனை மொழியில் மனிதர்கள் கத்துவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கூட வந்தவர்களுக்கு ஒருவர் மாற்றி ஒருவராக ஆள் வந்தது. அண்ணன், மாமா, புருஷன். அழுதார்கள், சிரித்தார்கள், போனார்கள். நான் தகரப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தேன். வெயில் ஏறியது. மீசை வைத்த ஒவ்வொருவரையும் அவராகத்தான் இருக்கும் என்று பார்த்தேன். இரண்டு வருஷத்தில் முகம் கொஞ்சம் மங்கிப்போய்விட்டது என்பதுதான் உண்மை. அதை அந்தப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தபோதுதான் கண்டுபிடித்தேன்.

வாசலருகே மேசை போட்டு உட்கார்ந்திருந்த கிராணி ஒருவர் எழுந்து வந்தார். அலுவலகத்தில் எழுத்து வேலை பார்ப்பவரை இங்கே கிராணி என்பார்கள். வெள்ளைக் கால்சட்டை, நெற்றியில் திருநீறு. யாழ்ப்பாணத்துக்காரர்.

“பிள்ளை, ஏன் இதிலை தனிய இருக்கிறீர்? உம்மட மனுசன் வரேல்லையோ?”

“எந்த மனுசன்?” என்றேன். காலையிலிருந்து எத்தனையோ மனுசர்கள் வந்து போய்விட்டார்கள். இவர் யாரைக் கேட்கிறார்?

அவர் தலையில் அடித்துக்கொண்டார். “புருஷன், பிள்ளை, புருஷன்! அவர்ர பேர் என்ன?”

நான் தரையைப் பார்த்தேன். எங்கள் பக்கம் பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொல்வதில்லை. கடிதத்திலும் எழுதுவதில்லை. அவர் பெயரையே வைத்திருந்த எங்கள் தெரு மளிகைக் கடைக்காரரை நான் கல்யாணத்துக்குப் பிறகு ‘மளிகைக்காரர்’ என்றுதான் சொன்னேன்.

“சாமி பேருங்க,” என்றேன்.

“எந்தச் சாமி?”

“மலை மேல இருக்குமே, அந்தச் சாமி.”

“எந்த மலையிலை?”

“எல்லா மலையிலயும்.”

“ஓ, முருகனோ!” என்றார் கிராணி, பாதி வேலை முடிந்துவிட்டது போல. எங்கே முடிந்தது? அந்தச் சாமிக்குப் பெயருக்கா பஞ்சம்? முருகன், கந்தன், வேலன், ஆறுமுகம் என்று அவர் சரவெடியைப் பற்றவைத்தது போலச் சொல்லிக்கொண்டே போனார். நான் தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே இருந்தேன். நடுவில் என் கணவரின் பெயர் வந்தது. ஒரு அந்நிய ஆண்பிள்ளை வாயிலிருந்து அதைக் கேட்டதும் காது சுட்டது. வெட்கத்தை விழுங்கி நான் தலையை மேலும் கீழும் ஆட்டுவதற்குள் அவர் இன்னும் இரண்டு பெயர் தாண்டிப் போயிருந்தார்.

“சரி சரி, விளங்கிட்டுது. எங்கை வேலை?”

“ஹார்பர்லதான்.”

“வீடு?”

“தேக்காப் பக்கம். கம்பத்துல.”

கம்பம் என்றால் குடிசைக் குடியிருப்பு என்று இப்போது தெரியும். முதல் கடிதத்தில் ‘கம்பத்தில் வீடு பார்த்திருக்கிறேன்’ என்று அவர் எழுதியபோது, மதுரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கம்பத்தில் இவருக்கு என்ன வேலை என்று வீட்டில் பஞ்சாயத்தே நடந்தது.

கிராணிக்கு முகம் மலர்ந்துவிட்டது. “அந்த ஆளை எனக்கு வடிவாத் தெரியும். பெரிய மீசை, என்ன?” என் கணவருக்கும் மீசை உண்டு. தலையாட்டினேன். அவர் ஒரு சீனரின் மூன்று சக்கர வண்டியைக் கூப்பிட்டு, மலாயில் என்னவோ சொல்லி, என்னையும் பெட்டியையும் ஏற்றிவிட்டார். நல்ல மனிதர். அவர் மேல் எனக்கு இன்றுவரை ஒரு வருத்தமும் கிடையாது.

வழி நெடுக எனக்கு வாய் மூடவில்லை. கடை வாசலில் தலையோடும் கழுத்தோடும் பளபளவென்று தொங்கிய வாத்துகள். தொடை தெரிய அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு தெருவில் நடக்கும் பெண்பிள்ளைகள். ஒன்றை ஒன்று இடிக்காமல் எப்படித்தான் போகின்றனவோ என்று தோன்றிய கார்கள். நான் கண்ணைப் பாதி மூடிக்கொண்டேன். பிறகு திடீரென்று மல்லிகைப்பூ வாசனை அடித்தது, சாணி வாசனையும் அடித்தது. தமிழில் எழுதிய பலகைகள் வந்தன. அப்பாடா என்று கண்ணைத் திறந்தேன். வண்டி ஒரு சந்துக்குள் திரும்பி, மாட்டுக் கொட்டகையைத் தாண்டி, அத்தாப்பு ஓலை வேய்ந்த ஒரு பலகை வீட்டின் முன்னால் நின்றது.

கதவு திறந்தே கிடந்தது. உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். தலை குளித்து ஈரம் சொட்டியது. இடுப்பில் ஒரு பெண் குழந்தை. வீட்டைப் பங்கு போட்டுக் குடியிருப்பவர்களாக இருக்கும் என்று நினைத்தேன்.

“யாரும்மா?”

“அவங்க இருக்காங்களா? ஹார்பர்ல வேலை பாக்குறாங்களே, அவங்க.”

“வேலைக்குப் போயிருக்காரு. நீ யாரு?”

“அவங்க வீட்டுக்காரி. ஊர்லேர்ந்து வர்றேன்.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள், தாலியைப் பார்த்தாள், பிறகு பெட்டியைப் பார்த்தாள். குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டாள்.

“நான்தான் அவரு வீட்டுக்காரி,” என்றாள்.

எனக்குக் காது அடைத்துவிட்டது. சந்தில் மாடு கத்தியது, வண்டிக்காரர் பெட்டியை இறக்கியது எல்லாம் தூரத்தில் எங்கோ நடந்தது. அப்பா சொன்னது மட்டும் பக்கத்தில் கேட்டது. நான் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அவள் கத்துவாள், மயிரைப் பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தாள்.

“உள்ள வா. சந்துல ஒக்காந்து அழுவாத. இங்க எல்லாருக்கும் காது நீளம் லா.”

கோப்பி கலந்து கொடுத்தாள். இங்கே காப்பிக்கு அதுதான் பெயர்; பேச்சை முடிக்கும்போது ஒரு ‘லா’ போடுவதும் இந்த ஊர் வழக்கம். அந்தக் கோப்பியை எதிரியின் கையிலிருந்து வாங்கிக் குடிக்கிற அளவுக்கு எனக்குத் தாகம். குடித்துக்கொண்டே வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். சுவரில் சாமிப் படங்கள். ஆணியில் ஒரு காக்கிச் சட்டை தொங்கியது, அதற்குள் என் கணவரைப் போல இரண்டு பேர் போகலாம். இங்கே அவளுடைய சோறு அவரை இப்படிப் பருக்க வைத்திருக்கிறது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புத்தி அப்படித்தான் வேலை செய்தது!

“ஊருக்கு எப்ப வந்தாரு?” என்று விசாரணை மாதிரி ஆரம்பித்தாள்.

“ரெண்டு வருஷம் முந்தி.”

“ஆமா. நாலஞ்சு மாசம் இருந்துட்டு வந்தாரு. அம்மாவுக்கு ஒடம்புக்கு முடியலன்னாரு.” பல்லைக் கடித்தாள். “தஞ்சாவூர்ப் பக்கமா?”

“ஆமா.”

“வெத்தலை போடுவாரா?”

“எப்பவாச்சும்.”

“இங்க எப்பவும்தான்.” அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, “எனக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு. ஆனா கேக்கல. கேட்டாத்தானே சூசா?” என்றாள். சூசா என்றால் தொல்லை. அன்று நான் கற்ற முதல் மலாய் வார்த்தை அது.

அவள் அழுதாள், நான் அழுதேன். எங்களைப் பார்த்துக் குழந்தையும் அழுதது. இவளை நான் வெறுக்க வேண்டும், ஆனால் வெறுப்பு வரவில்லை, பயம்தான் வந்தது. ராத்திரி எங்கே படுப்பேன்? இவள் வீட்டிலா? அவர் வந்து எந்த முகத்தோடு என்னைப் பார்ப்பார்?

திடீரென்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இரு. எதுக்கும் அவரு பேரச் சொல்லு பாப்போம்.”

“நான் எப்படிங்க சொல்றது? நீங்க சொல்லுங்க.”

“நான் மட்டும் சொல்லிடுவேனா? இங்கேயே பொறந்தவதான், அதுக்காக?”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒரு புருஷனுக்காக அடித்துக்கொள்ள வேண்டிய நேரத்தில், அவன் பெயரைச் சொல்ல இரண்டு பேருக்குமே வாய் வரவில்லை. அவள் குழந்தையை இழுத்து, “ஒங்க அப்பா பேரு என்னடி?” என்றாள்.

“அப்பா,” என்றது குழந்தை.

“அப்பா பேரு?”

“அப்பா பேரு அப்பா.”

“ஒண்ணுக்கும் ஒதவாது,” என்று அதை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். “நீதானே தேடி வந்த. நீயே சொல்லு. ஒருத்தருக்கும் சொல்ல மாட்டேன்.”

எழுந்து நின்றேன். ஏன் நின்றேன் என்று தெரியாது, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பது போல நின்றுகொண்டு, சுவரில் இருந்த சாமியைப் பார்த்து, என் கணவரின் பெயரைச் சொன்னேன். என் வாயிலிருந்து அது வெளியே வந்தது அதுதான் முதல் தடவை.

அவள் வாயைப் பிளந்தாள். “அது யாரு?”

“எங்க வீட்டுக்காரங்க.”

“அடிப் பாவி! அது இவரு பேரு இல்லடி! அந்தப் பேரே இல்ல!”

அவள் என்னைக் கட்டிப்பிடித்த வேகத்தில் இரண்டு பேரும் பெட்டி மேல் விழுந்தோம். ஈரத் தலையோடு அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. போன உயிர் திரும்பி வந்தது என்பார்களே, அதை அன்று உடம்பில் உணர்ந்தேன். தன் நெஞ்சில் ஒரு தட்டுத் தட்டி, “என்ன பாடு படுத்திட்ட நீ! அந்த மனுஷன அரை மணி நேரத்துல என்னென்ன திட்டினேன் மனசுக்குள்ள! பாவம் லா,” என்றாள். நான் வந்த கதையைக் கேட்டதும், கிராணி விவரம் தெரிந்து எப்படியும் உன் புருஷனை இங்கே அனுப்பிவிடுவார், அதுவரை சாப்பிடு என்று இலை போட்டாள். மீன் குழம்பு. கப்பலேறிய நாளிலிருந்து நான் ருசித்துச் சாப்பிட்ட முதல் சோறு.

பாதிச் சாப்பாட்டில் வாசலில் சைக்கிள் நிற்கும் சத்தம் கேட்டது. பருத்த, பெரிய மீசைக்காரர் ஒருவர் உள்ளே வந்தார். அந்தக் காக்கிச் சட்டையின் சொந்தக்காரர். என் கணவர் இல்லை என்று கண்ணால் ஒருமுறை பார்த்ததும் எனக்கு இன்னும் ஒரு பிடி சோறு இறங்கியது. அவள் அடுக்களையில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டே எங்கள் கதையைச் சொல்லத்தான் அகப்பையோடு வந்தாள்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்தார். கப்பல் சீட்டு ஒட்டிய தகரப்பெட்டி. பிறகு என்னைப் பார்த்தார். மீசைக்குக் கீழே உதடு வெளுத்துப் போனது.

“ஊர்லேர்ந்தா வர்ற?” என்றார். “அவ அனுப்பினாளா? பையனுக்கு என்ன? ஒடம்புக்கு ஏதும் ஆயிடுச்சா?”

என் கை இலையிலேயே நின்றுவிட்டது. அந்த மனிதர் நடிக்கவில்லை. எங்கோ இருக்கும் ஒரு பையனுக்காக அவர் நிஜமாகவே பயந்துபோயிருந்தார்.

அப்பளம் கருகும் வாசனை வந்தது. யாரும் போகவில்லை. அவள் அகப்பையைக் கீழே வைத்தாள். வைத்துவிட்டு அவர் பெயரைச் சொன்னாள். மெதுவாக, முழுப் பெயரையும். அவர் சட்டென்று திரும்பினார். பெண்டாட்டி வாயில் தன் பெயரை அந்த மனிதரும் அதுவரை கேட்டிருக்க மாட்டார்.

“எந்தப் பையன்?” என்றாள்.

நான் எழுந்திருக்கப் பார்த்தேன். “நீ எந்திரிக்காத. சாப்பிடு,” என்றாள், என் பக்கம் திரும்பாமலே. நானும் சாப்பிட்டேன். வேறு என்ன செய்ய? அவர் தரையில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். குழந்தை போய் அவர் மடியில் ஏறியது. அவர் இனிச் சொல்ல என்ன இருக்கிறது, எல்லாவற்றையும்தான் சொல்லிவிட்டாரே.

நான் கை கழுவிக்கொண்டிருந்தபோது என் கணவர் மூச்சு வாங்க ஓடிவந்தார். மறுநாள்தான் விடுவார்கள் என்று நம்பி வேலைக்குப் போயிருந்தவருக்குச் சாயங்காலம்தான் கிராணி விவரம் சொன்னாராம். ஒல்லியாக, வெயிலில் கறுத்து, சட்டைப் பொத்தான் மாறிப் போட்டுக்கொண்டு நின்றார். “பயந்துட்டியா?” என்றார்.

பெட்டியை வண்டியில் ஏற்ற அவளும் ஒரு கை கொடுத்தாள். என் கையைப் பிடித்து, “நல்ல காலம், உனக்கு இப்படி இல்லடி,” என்றாள். அவளுக்குச் சொல்ல எனக்கு ஒரு ஆறுதலும் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? என் பெட்டி அந்த வீட்டுக்குள் போகாமல் இருந்திருந்தால் அவள் அன்று நிம்மதியாக அப்பளம் பொரித்திருப்பாள்.

வண்டி சிராங்கூன் ரோட்டில் போனது. கடைகளில் விளக்கு ஏற்றிவிட்டார்கள். என் கணவர் ஒவ்வொன்றாகக் கைகாட்டினார்: இது கோயில், இது பூக்கடை, அது பசார். நான் ஒன்றையும் பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

“உங்களுக்கு இங்க யாராவது இருக்காங்களா?” என்று கேட்டேன்.

“யாரு? சித்தப்பா மகன் ஒருத்தன் ஜோகூர்ல இருக்கான்.”

“அதைக் கேக்கல.”

அவருக்குப் புரிய வெகுநேரம் ஆயிற்று. புரிந்ததும் முகம் சுண்டிவிட்டது. “வந்த அன்னிக்கே கேக்குற கேள்வியா இது?” என்றார். அவருக்கு யாரும் இல்லை. அது உண்மைதான் என்று எனக்கு நிச்சயமாகப் பல வருஷம் ஆயிற்று. ஒரு பாவமும் அறியாத மனிதர், அந்த வருஷங்களை எல்லாம் என் சந்தேகத்தோடு குடித்தனம் செய்தார்.

அவளை நான் சில மாதம் கழித்துத் தேக்கா பசாரில் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, இடித்துக்கொண்டு நடக்கிற கூட்டம். மீன்கடை முன்னால் நின்றுகொண்டு, காய்கறிக் கடையில் நின்ற புருஷனை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். முணுமுணுப்பாக இல்லை. ஈரத்தரையின் அந்தப் பக்கம் வரைக்கும் எட்டும்படி, ஒரு தடவைக்கு இரண்டு தடவை. கடைக்காரர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். இரண்டு தமிழ்ப் பெண்கள் வாயில் கைவைத்தார்கள். அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், அவளிடம் போனார். கம்பத்தில் எல்லோருக்கும் இது பழகிவிட்டதாம். நான் வந்து இறங்கிய அன்று சாயங்காலத்திலிருந்தே அவள் அப்படித்தானாம்.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். அவர் பதறிப்போனார்.

“என்ன பொம்பள அவ! புருஷன் பேரச் சொன்னா அவன் ஆயுசு கொறையும்னு அவளுக்குத் தெரியாதா?”

“தெரியுங்க,” என்றேன்.